ஜாடை ஒன்று, அர்த்தம் வேறு!

இங்கிலீஷ் பாஷையில் அக்கா தங்கை மாதிரி சில வார்த்தைகள் உண்டு. முகஜாடை அச்சாக ஒன்றாக இருக்கும். குணத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். 'ஹிஸ்டாரிக்' என்றால் சரித்திரத்தில் இடம் பெறத் தக்கது. 'ஹிஸ்டாரிகல்' என்றால் சரித்திரத்தைச் சேர்ந்தது, அவ்வளவுதான். 'எகனாமிக்' பொருளாதாரத்தைப் பற்றியது; 'எகனாமிகல்' சிக்கனமானது. 'சென்ஸிபிள்' ஆன பெண் விவேகி. 'சென்ஸிடிவ்' ஆன பெண் ஒரு சொல் பொறுக்க மாட்டாள். பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பற்றிக் கடிதம் எழுதும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிட்டால் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் குடி முழுகிப் போய்விடாது.

குடி முழுகக் கூடிய ஜோடிகள் வேறு இருக்கின்றன. அவற்றை அகராதியில் தேட வேண்டாம். உங்கள் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அந்தக் காகிதங்களில் இருக்கின்றன. பாங்கு டெபாஸிட் ரசீது, இன்ஷூரன்ஸ் பாலிசி, கடன் பத்திரம் எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பென்சிலால் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டு, "இங்கே, இங்கே, இங்கே. அவ்வளவுதான், அம்மா!" என்றார். நீங்களும் போட்டீர்கள். அந்தக் குறிக்கு மேலே பொடி எழுத்தில் என்ன வார்த்தை இருந்தது?

முதலில் 'நாமினி'யைப் பார்ப்போம். இந்த வார்த்தை இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. "எல்லாவற்றுக்கும் என்னைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறார்" என்று சொல்லும்போது பெண்களின் குரலில் ஒரு நிம்மதி தெரிகிறது. பணம் நமக்குத்தான் என்று அர்த்தம் செய்து கொண்டதால் வந்த நிம்மதி. இதற்குப் பக்கத்து வீட்டு வார்த்தை ஒன்று உண்டு: 'ஏர்'. எழுதும்போது 'எச்' என்ற எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். சொல்லும்போது அதை விழுங்கிவிட வேண்டும். இங்கிலீஷ்காரன் வைத்த விசித்திரங்களில் ஒன்று. வாரிசு என்று அர்த்தம். நாமினி என்றாலும் வாரிசு என்றாலும் ஒன்றுதானே என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

வார்த்தையைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். லத்தீன் பாஷையில் 'நோமென்' என்றால் பெயர். நம்முடைய 'நாமம்' என்கிற ஸம்ஸ்கிருத வார்த்தைக்கு அது தாயாதி. ஆகவே நாமினி என்றால் பெயர் சொல்லப்பட்டவர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பணத்துக்குச் சொந்தக்காரர் என்றோ, பாத்தியதை உள்ளவர் என்றோ அந்த வார்த்தை சொல்லவே இல்லை. (சில குடும்பங்களில் நாமினிக்குக் கடைசியில் மிஞ்சுவது நாமம்தான் என்பது வேறு விஷயம்.)

வாலில் ஒட்டிக் கொண்டிருக்கிற 'ஈ'யையும் கவனியுங்கள். தமிழில் 'ஈ' என்றால் கொடு. இங்கிலீஷ் வார்த்தையின் கடைசியில் வருகிற 'ஈ' அதற்கு நேர் விரோதம். அவர் வாங்கிக் கொள்கிறவர். செக்கில் பணம் பெறுகிறவர் 'பேயீ'. குத்தகைக்கு விடுகிறவர் 'லெஸ்ஸர்'. எடுத்துக் கொள்கிறவர் 'லெஸ்ஸீ'. அடமானத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிற ஏழைதான் 'மார்ட்கேஜர்'. பணம் கொடுத்த பாங்கு 'மார்ட்கேஜீ'. ஏனென்றால், இங்கே கொடுக்கப்படுவது வீட்டின் மேல் உள்ள உரிமை. அதைக் கொடுப்பவர் நாம், வாங்கிக் கொள்வது பாங்கு. பத்திரத்தில் 'மார்ட்கேஜீ விற்கலாம்' என்று ஒரு வரி இருந்தால், விற்கப் போவது யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

நாமினிக்குத் திரும்புவோம். டில்லியில் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் வீதம் இரண்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் எடுத்திருந்தார். இரண்டிலும் மனைவியை நாமினியாகப் போட்டார். 1982-ல் காலமாகிவிட்டார். உயில் எழுதவில்லை. தாயார், மனைவி, மகன் மூவரும் இருந்தார்கள். "என் பெயர்தானே பாலிசியில் இருக்கிறது, தொகை முழுவதும் எனக்கே" என்றாள் மனைவி. "எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும்" என்று தாயாரும் மகனும் வழக்குப் போட்டார்கள். மாமியார் - மருமகள் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று! கீழ்க் கோர்ட்டுகளில் மருமகளுக்கு ஜயம். 1983 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. நாமினி என்பவர் கம்பெனியிலிருந்து பணத்தை வாங்கிக் கொள்ளும் கை மட்டுமே. வாங்கிய பணம் வாரிசுகள் அனைவருக்கும் சேர வேண்டியது என்று தீர்ப்பாயிற்று. அதாவது தபால்காரர் மாதிரி. மணியார்டரை அவர் கையில் கொடுத்துவிட்டதால் பணம் அவருடையதாகி விடுமா?

வாரிசு யார் என்பதை பாங்கு பாரமோ, பாலிசியோ தீர்மானிப்பதில்லை. உயில் இருந்தால் உயில். இல்லையென்றால் ஹிந்துக்களுக்கு 1956-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியத். ஹிந்துச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சம பங்கு. தகப்பனாருக்கு இரண்டாம் வகுப்புதான். இதில் மட்டுமாவது அம்மாவுக்கு முதல் வகுப்பில் டிக்கெட் கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

1983-ம் வருஷத்துத் தீர்ப்பு இன்ஷூரன்ஸைப் பற்றியது. பாங்கு டெபாஸிட்டுக்கும் இதே கதைதான் என்று 2010-லும், கம்பெனிப் பங்குகளுக்கும் இதே கதைதான் என்று 2023 டிசம்பரிலும் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸில் மட்டும் நடுவில் ஒரு மாறுதல் வந்தது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்கள் பணத்தின் பலனுக்கே உரியவர்கள் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 'பெனிஃபிஷியல் நாமினி' என்று அதற்குப் பெயர். பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம் என்பதில் ஹைகோர்ட்டுகளுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டாகிவிட்டது. ஒரு பெயரடையைச் சேர்த்தால் வக்கீல்களுக்குப் பத்து வருஷத்துக்கு வேலை!

அப்படியானால் நாமினி எதற்கு என்று கேட்காதீர்கள். நாமினி இல்லாவிட்டால்தான் தெரியும் கஷ்டம். பணம் எங்கேயும் போகாது. ஆனால் வெளியே வரவும் வராது. யார் யார் வாரிசு என்று நிரூபித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, காகிதம் காகிதமாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். நாமினி இருந்தால் அவள் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு பாங்கு ஒதுங்கிக் கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் பிற்பாடு பேசித் தீர்த்துக் கொள்ளலாம். ஆகவே நாமினி போடத்தான் வேண்டும். அதோடு ஓர் உயிலும் எழுதி வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்துவிட்டால் வக்கீல் வீட்டு வாசல்படி எத்தனை என்று நீங்கள் எண்ண வேண்டியதே இல்லை. உயிலுக்கு ஸ்டாம்புக் காகிதம் கூடத் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் அவசியம்.

இந்த விஷயத்தில் 2025 நவம்பர் 1-ந் தேதியிலிருந்து பாங்குகளில் ஒரு புது ஜோடி வந்து சேர்ந்திருக்கிறது. அதுவரை ஒரு டெபாஸிட்டுக்கு ஒரே ஒரு நாமினிதான். இப்போது நான்கு பேர் வரை போடலாம். போடும்போது 'ஸைமல்டேனியஸ்' வேண்டுமா, 'ஸக்ஸெஸிவ்' வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டும் 'ஸ'வில் ஆரம்பிக்கின்றன, இரண்டும் நீளம். ஏதோ ஒன்றில் டிக் அடித்துவிட்டு வரத் தோன்றும். பொறுங்கள்! முதலாவது, ஏக காலத்தில் என்று அர்த்தம். நான்கு பேருக்கும் இத்தனை சதவிகிதம் என்று பிரித்து எழுதிவிட வேண்டும். கூட்டினால் நூறு வர வேண்டும். பந்தியில் நான்கு இலை போட்டு ஒரே சமயத்தில் பரிமாறுவது போல. இரண்டாவது, ஒருவருக்குப் பின் ஒருவர். முதல் பெயர் உள்ளவர் உயிரோடிருக்கும் வரை இரண்டாவது பெயருக்கு ஒரு சல்லிக் காசு கிடையாது. அவர் இல்லாவிட்டால்தான் அடுத்தவர் முறை. மூன்று பெண்களுக்கும் சமமாகச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு வந்தால், பாங்கு மூத்தவளை மட்டும் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுக்கும். இளையவர்கள் இருவரும் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கொண்டு நிற்க வேண்டும். நகை வைக்கிற லாக்கருக்கு மட்டும் இந்தத் தேர்வே கிடையாது. அங்கே ஒருவருக்குப் பின் ஒருவர்தான்.

வாரிசு என்று வந்த பிறகு, நம் ஊரிலேயே தினமும் நடக்கிற குழப்பம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்" என்று பாங்கில் சொல்கிறார்கள். தாலுகா ஆபீஸுக்கு அலைந்து, விசாரணைக்கு வந்தவருக்குப் பதில் சொல்லி, வாங்கிக் கொண்டு போகிறோம். "இது இல்லை, அம்மா, கோர்ட்டில் வாங்க வேண்டும்" என்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் வந்த வினை. இங்கிலீஷில் இரண்டும் வேறு. தாசில்தார் கொடுப்பது 'லீகல் ஏர்ஷிப் ஸர்டிபிகேட்'. இன்னாருக்கு இன்னின்னார் வாரிசுகள் என்று அது அடையாளம் காட்டும். பட்டா மாற்ற, குடும்ப பென்ஷன் வாங்க உதவும். கோர்ட் கொடுப்பது 'ஸக்ஸெஷன் ஸர்டிபிகேட்'. இறந்தவருக்கு வர வேண்டிய கடன்கள், டெபாஸிட்டுகள், பங்குகள் ஆகியவற்றை வசூலிக்க ஒருவருக்கு அதிகாரம் தருவது அது. அதற்கு மனுப் போட வேண்டும், நோட்டீஸ் போக வேண்டும், தொகைக்குத் தக்கபடி கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டும். மாதக் கணக்காகும். எது வேண்டும் என்று கேட்கும்போது தமிழில் கேட்காமல், "இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர், எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வாங்கிக் கொண்டு வாருங்கள். தமிழபிமானிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போட்ட கணக்கில் இன்னொரு ஜோடி ஒளிந்திருக்கிறது. 'ஈதர் ஆர் ஸர்வைவர்', 'ஃபார்மர் ஆர் ஸர்வைவர்'. வித்தியாசம் முதல் வார்த்தையில்தான். 'ஈதர்' என்றால் இருவரில் யாராவது ஒருவர். நீங்கள் போனாலும் பணம் எடுக்கலாம், அவர் போனாலும் எடுக்கலாம். 'ஃபார்மர்' என்றால் முதலில் பெயர் எழுதியிருப்பவர். (விவசாயிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது உச்சரிப்பில் வந்த மயக்கம்.) அந்த முதல் பெயர்க்காரர் இருக்கும் வரை அவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. இரண்டாவது பெயராக இருக்கிற நீங்கள், அவர் ஆஸ்பத்திரியில் நினைவின்றிப் படுத்திருந்தாலும், அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் எடுக்க முடியாது. "என் பெயரும் இருக்கிறதே!" என்றால், "இருக்கிறது, ஆனால் உங்கள் முறை இன்னும் வரவில்லை" என்பதுதான் பதில். அந்தப் பதில் காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'ஜாயிண்ட்லி' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் மோசம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போய்விட்டால் மற்றவர் தனியாக எடுக்கவும் முடியாது. போனவருடைய வாரிசுகளும் சேர்ந்து வர வேண்டும்.

'ஸர்வைவர்' என்றால் மற்றவர் காலத்துக்குப் பிறகும் உயிரோடிருப்பவர். கூட்டுக் கணக்கில் அவர் வந்து நின்றால் நாமினி ஓரமாக நிற்க வேண்டும். கணக்கில் பெயர் உள்ள எல்லோரும் போன பிறகுதான் நாமினிக்கு வேலை. ஆனால் ஸர்வைவர் வாங்குகிற பணமும் வாரிசுகளின் சார்பில் வாங்குகிற பணம்தான் என்பது ரிசர்வ் பாங்கின் நிலை. இன்னொன்று. 'ஈதர்' என்று போட்ட ஃபிக்ஸட் டெபாஸிட்டைத் தவணை முடிந்த பின் எடுக்க ஒரு கையெழுத்து போதும். தவணைக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால், மிஞ்சியவர் தனியாக உடைக்கலாம் என்று இருவரும் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கும் வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். டெபாஸிட் போடும் தினத்திலேயே அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். பாங்கில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏன் இந்த பாஷையில் மட்டும் இத்தனை ஜோடி என்று தோன்றும். 1066-ம் வருஷம் பிரான்ஸிலிருந்து நார்மன்காரர்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆண்டவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். மாடு மேய்த்தவர்கள் இங்கிலீஷ் பேசினார்கள். அதனால்தான் வயலில் மேயும் வரை ஆட்டுக்கு 'ஷீப்' என்று பெயர், துரை வீட்டு மேஜைக்கு வந்ததும் 'மட்டன்' என்று பெயர். ஸர் வால்டர் ஸ்காட் தம் 'ஐவன்ஹோ' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இதை வைத்து வேடிக்கை செய்திருக்கிறார். கோர்ட்டிலும் பிரெஞ்சுதான். ஜனங்களுக்கும் புரிய வேண்டும், துரைக்கும் புரிய வேண்டும் என்று வக்கீல்கள் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். 'வில் அண்ட் டெஸ்டமெண்ட்' என்பதில் முதலாவது நாட்டு வார்த்தை, இரண்டாவது லத்தீன் வழியாக வந்தது. அர்த்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாம் அந்த 'வில்'லைத்தான் 'உயில்' ஆக்கிக் கொண்டோம். எப்போது இரண்டு வார்த்தைக்கு ஓர் அர்த்தம், எப்போது இரண்டு அர்த்தம் என்பதுதான் தலைவலி!

'கேரண்டி'யும் 'வாரண்டி'யும் கூட ஒரே வயிற்றில் பிறந்தவை. நார்மன்காரர்கள் 'வ' என்று சொன்னதைப் பாரிஸ்காரர்கள் 'க' என்று சொன்னார்கள்; இங்கிலீஷ் இரண்டையும் வாங்கி வைத்துக் கொண்டது. மிக்ஸி வாங்கும்போது, கேரண்டி என்றால் மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவது என்று கடைக்காரர் சொல்வார். அது கடைத்தெரு வழக்கம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மனிதர்கள் கேரண்டி கொடுக்கிற விஷயம் அப்படி லேசானதல்ல. தம்பி வருகிறான். "அக்கா, கடைக்கு ஒரு லோன் போட்டிருக்கிறேன். சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்கிறான். கூடப் பிறந்தவன், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன் அந்த இடத்துக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியை மாட்டிக் கொண்டு ஒரு தடவை பாருங்கள். 'விட்னஸ்' என்று இருந்தால் நீங்கள் சாட்சி. அவன் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்பதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்தது. அவன் கடனைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உங்களை யாரும் பணம் கேட்க முடியாது. 'கேரண்டர்' அல்லது 'ஷ்யூரிட்டி' என்று இருந்தால் நீங்கள் ஜாமீன்தாரர். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதாத வரையில், கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு உண்டு. 'கோ-பாரோயர்' என்றால் இன்னும் ஒரு படி மேலே. நீங்களே கடன் வாங்கியவர். பிள்ளையின் படிப்புக் கடனிலும், வீட்டுக் கடனிலும் அம்மாவையும் மனைவியையும் இந்த மூன்றாவது இடத்தில்தான் சாதாரணமாக உட்கார வைக்கிறார்கள்.

"முதலில் தம்பியிடம் கேட்கட்டும், அவன் கொடுக்காவிட்டால் அப்புறம் என்னிடம் வரட்டும்" என்று சொல்லலாமா? சொல்லலாம், செல்லாது. கடன்காரனை விரட்டி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1968-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தம்பியின் கடை பூட்டிக் கிடக்கும். உங்கள் வீடு திறந்திருக்கும். பாங்கு எந்தக் கதவைத் தட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் ஆறுதல் உண்டு. ஜாமீன்தாரர் தம் கையிலிருந்து கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்ப வசூலித்துக் கொள்ள அதே 1872-ம் வருஷத்துச் சட்டம் முழு உரிமை கொடுத்திருக்கிறது. தம்பியிடம் அதை எப்படி வசூலிப்பது என்று மட்டும் அதில் எழுதவில்லை.